பழைய பதிப்பில் தங்கும் உரிமை

2011 ஏப்ரல் 12ஆம் தேதி இரவு லாஸ் வேகஸில் படத்தொகுப்பாளர்கள் ஓர் அரங்கில் கூடியிருந்தார்கள். ஒளிபரப்புத் துறையின் வருடாந்தரக் கண்காட்சியான என்ஏபி நடக்கும் வாரத்தில், எடிட்டிங் மென்பொருள் பயன்படுத்துவோரின் குழுக்கள் சேர்ந்து நடத்தும் ‘சூப்பர்மீட்’ அது. அந்த வருடம் பேசவிருந்த மற்ற நிறுவனங்களுக்கு இடமில்லை என்றாகி, ஆப்பிளே மேடையை எடுத்துக்கொண்டது. காரணம், ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்ற அதன் புதிய எடிட்டிங் மென்பொருள். திரையில் ஒவ்வொரு வசதியாகக் காட்டக் காட்ட அரங்கம் ஆரவாரம் செய்தது. விலை 299 டாலர் என்றபோது இன்னும் பலமான கைதட்டல். அதற்கு முந்தைய ஃபைனல் கட் ஸ்டூடியோ தொகுப்பு 999 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது.

சரியாகப் பத்து வாரம் கழித்து, ஜூன் 21 அன்று மென்பொருள் விற்பனைக்கு வந்தது. கைதட்டிய அதே வட்டாரத்திலிருந்து வசவு கிளம்பியது. பழையதைத் திருப்பிக் கொடு என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். கோனன் ஓ’பிரையனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்த நிகழ்ச்சியின் எடிட்டர்களே நடித்து ஒரு கேலித் துணுக்கு ஒளிபரப்பானது. ஒரு எடிட்டிங் மென்பொருளின் புதுப் பதிப்பு பொதுமக்கள் பார்க்கும் நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் பொருளானது அநேகமாக அதுதான் முதல் தடவை. வாங்கியவர்களில் சிலருக்கு ஆப்பிள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

ஆட்களும் அவர்களே, மென்பொருளும் அதுவே. மேடையில் காட்டியது எதுவும் பொய்யில்லை. காட்டிய எல்லாமே வேலை செய்தன. பிறகு ஏன் இந்தக் கோபம்? மென்பொருள் மேம்படுத்தல் பற்றியும் பயனர் திருப்தி பற்றியும் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது தொட்டுப் போகிற நிகழ்வு இது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், ‘தேவையான வசதிகள் இல்லாமல் வந்தது, அதனால் திட்டினார்கள்’ என்பது, பாதிக்குத்தான் உதவும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம். இல்லாமல் போனவை உண்மையிலேயே பெரியவை. பழைய ஃபைனல் கட் 7இல் செய்த எந்தப் படத்தையும் புதியதில் திறக்க முடியவில்லை. பல கேமராவில் எடுத்ததை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேம் இல்லை. டேப்பில் பதிய வழியில்லை. ஒளிபரப்புத் தரத் திரையில் படத்தைச் சரிபார்க்க வழியில்லை. தொகுப்பின் விவரப் பட்டியலை மற்ற மென்பொருள்களுக்குக் கொண்டுபோகும் எக்ஸ்எம்எல், இடிஎல், ஓஎம்எஃப் எதுவும் இல்லை.

கடைசியாகச் சொன்னது வெளியாட்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எடிட்டருக்கு அது வாசல் கதவு. படத்தொகுப்பு தனி ஆள் வேலை போலத் தெரிந்தாலும், அவர் முடித்ததை ஒலிக்கலவைக்காரர் வாங்க வேண்டும், வண்ணம் சரிசெய்பவர் வாங்க வேண்டும், கிராஃபிக்ஸ்காரர் வாங்க வேண்டும். ஃபைனல் கட் 7இன் டைம்லைனில் ஒலிக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக ட்ராக்குகள் இருக்கும். வசனத்தை முதல் இரண்டில் வைப்பார்கள், சத்தங்களை அடுத்த இரண்டில், இசையை அதற்கும் கீழே. இப்படித்தான் வைக்க வேண்டும் என்று மென்பொருள் சொல்லவில்லை. அது தொழிலில் வந்த பழக்கம். ஆனால் மிக்ஸிங் தியேட்டரில் இருப்பவர் அந்தக் கோப்பைத் திறந்ததும் எது எங்கே என்று கேட்காமல் வேலையை ஆரம்பிப்பது அந்தப் பழக்கத்தை நம்பித்தான். எடிட்டருக்கோ அது அஞ்சறைப்பெட்டி மாதிரி. பார்க்காமலே கை போகும்.

புதிய மென்பொருளில் ட்ராக்கே கிடையாது. ‘மேக்னடிக் டைம்லைன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு ஷாட்டை எடுத்தால் பின்னால் இருப்பவை தாமாக நகர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். ஒரு ஷாட்டோடு கொக்கி போட்ட சத்தம், அந்த ஷாட் எங்கே போனாலும் கூடவே போகும். மேலும் கீழும் இருக்கும் துண்டுகள் ஒன்றோடொன்று மோதினால் தாமாக ஒதுங்கி வழிவிடும். புதிதாகக் கற்பவருக்கு இது வரப்பிரசாதம். பழைய முறையில் ஒரு ஷாட்டை நீக்கப் போய், அதற்கு அப்பால் இருக்கும் இருபது நிமிடப் படத்தில் உதடும் வசனமும் ஒட்டாமல் போவது அன்றாட விபத்து. அந்த விபத்து இதில் நடக்காது. யோசனை நல்ல யோசனை. பதினைந்து வருடமாக விபத்து நேராமல் ஓட்டக் கற்றுக்கொண்டவருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆப்பிளுக்கு வேறு வழி இருந்ததா என்றால், புதிதாக எழுதாமல் இருக்க வழியில்லை. ஃபைனல் கட்டின் அடித்தளம் 1990களில் போடப்பட்டது. முதல் அடோபி பிரீமியரை எழுதிய ராண்டி உபில்லோஸ், மேக்ரோமீடியாவுக்குப் போய் அங்கே ‘கீகிரிப்’ என்ற பெயரில் ஆரம்பித்த மென்பொருள் அது. ஆப்பிள் அதைக் குழுவோடு வாங்கி, 1999இல் ஃபைனல் கட் புரோ என்று வெளியிட்டது. அது 32 பிட் மென்பொருள். கணினியில் எவ்வளவு நினைவகம் போட்டாலும் நான்கு ஜிபிக்கு மேல் அதற்கு எட்டாது. அது நின்றிருந்த கார்பன் என்ற அடித்தளத்தை 64 பிட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று ஆப்பிளே 2007இல் முடிவெடுத்துவிட்டது. ஆகவே முழுதாக எழுத வேண்டியிருந்தது. எழுதுகிறபோது, எப்படியும் எழுதுகிறோம், படத்தொகுப்பு என்ற வேலையையே புதிதாக யோசித்துவிடலாம் என்று ஆசை வந்தது. அங்கேதான் இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகிவிட்டன.

திருப்தி பற்றிய ஆய்வுகள் இதில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் முன்வைத்த கோட்பாடு இன்றும் அடிப்படையாக இருக்கிறது: ஒரு பொருளின் தரம் நேரடியாகத் திருப்தியைத் தருவதில்லை; எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையில் உள்ள தூரம்தான் தருகிறது. அனோல் பட்டாச்சார்ஜி 2001இல் இதையே கணினி மென்பொருளுக்குப் பொருத்தி, ஒருவர் ஒரு மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துவாரா மாட்டாரா என்பதை விளக்கினார். சூப்பர்மீட் மேடை எதிர்பார்ப்பை உச்சிக்குக் கொண்டுபோனது என்பதால் இந்தக் கோட்பாடு அழகாகப் பொருந்தும். பெயரும் சேர்ந்து குழி பறித்தது. ஏழுக்கு அடுத்து எட்டு வரும் என்று காத்திருந்தவர்களுக்குப் பத்து (ரோமன் எண்ணில் ‘எக்ஸ்’) வந்தது, அதுவும் அதே குடும்பப் பெயரோடு. வேறு பெயரில் வந்திருந்தால் ‘இதில் மல்டிகேம் இல்லையே’ என்று யாரும் சண்டைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

ஜான் கோர்வில் 2006இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதியது இன்னொரு பக்கத்தைக் காட்டும். கையில் இருப்பதை வாடிக்கையாளர் ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்த்தி மதிப்பார். தான் செய்த புதுமையைத் தயாரிப்பாளர் மூன்று மடங்கு உயர்த்தி மதிப்பார். இரண்டையும் பெருக்கினால் ஒன்பது மடங்கு இடைவெளி. ஜான் கரோலும் மேரி பெத் ராசனும் 1987லேயே வேறொன்றைச் சொல்லியிருந்தார்கள்: வேலையில் மும்முரமாக இருப்பவர், பின்னால் நேரம் மிச்சமாகும் என்று தெரிந்தாலும், இப்போது உட்கார்ந்து புதிதாகக் கற்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாக வேண்டிய நிகழ்ச்சியைப் புதன்கிழமை வெட்டிக்கொண்டிருப்பவரிடம் மேக்னடிக் டைம்லைனின் தத்துவத்தைப் பேசிப் பயனில்லை.

இவை எல்லாமே கோபத்தை விளக்குகின்றன. ஆனால் கோபப்பட்டவர்கள் கிளம்பிப் போனதை விளக்குவதில்லை. ஏனென்றால் விட்டுப்போன வசதிகள் சீக்கிரமே வந்துவிட்டன. செப்டம்பரில் எக்ஸ்எம்எல் வந்தது; ட்ராக்குக்குப் பதிலாக, ஒவ்வொரு துண்டுக்கும் ‘வசனம்’, ‘இசை’ என்று அடையாளம் கொடுக்கும் ரோல்ஸ் வசதியும் வந்தது. 2012 ஜனவரி 31இல் மல்டிகேம் வந்தது, ஒளிபரப்புத் திரைக்கான ஆதரவு சோதனை நிலையில் வந்தது. பழைய படங்களைப் புதியதில் திறக்க வெளியார் ஒருவர் தனி மென்பொருள் செய்து விற்றார். அந்த அக்டோபரில், பழைய ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்த இரண்டாவது பார்வைச் சாளரமும் வந்துசேர்ந்தது. எல்லாம் கூடுதல் காசு இல்லாமல். வசதிக் குறைதான் நோய் என்றால் ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் குணமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதற்குள் பலர் போட்டி மென்பொருள்களான பிரீமியருக்கும் அவிடுக்கும் போய் அங்கேயே குடியேறிவிட்டார்கள்.

என் கணிப்பில் காரணம் வேறு. புதியதை விற்க ஆரம்பித்த அன்றே பழையதை ஆப்பிள் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

ஒரு தொடர் பாதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து எடிட் சூட்டில் வேலை நடக்கிறது. வேலை கூடியதால் இன்னும் இரண்டு சூட் போட வேண்டும். அதற்கு ஃபைனல் கட் 7 உரிமம் இரண்டு வாங்க வேண்டும். ஜூன் 20 வரை கடையில் கிடைத்தது; 21இல் கிடைக்கவில்லை. புதியது அந்தத் தொடரின் கோப்பைத் திறக்காது. கையில் இருக்கிற ஐந்து பழைய பிரதிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாரும் அவற்றைப் பிடுங்கவில்லை. ஆனால் அவற்றுக்கு இனி திருத்தம் வராது, அடுத்தடுத்த இயங்குதளத்தில் ஓடுமா என்பதும் தெரியாது. நிறுவனம் நடத்துகிறவர் அன்றைக்குக் கேட்டுக்கொண்ட கேள்வி ‘புதியது நன்றாக இருக்கிறதா’ என்பது அல்ல. ‘இவர்களை நம்பி அடுத்த ஐந்து வருடத்தைத் திட்டமிடலாமா’ என்பது. பிறகு பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் தொலைபேசி வழியாகக் கொஞ்சம் பழைய உரிமங்களை ஆப்பிள் விற்றது. அதற்குள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன்பே ஆப்பிள் இதே தேர்வை எழுதியிருந்தது என்பதுதான் வேடிக்கை. 2007 ஆகஸ்டில், குடும்ப வீடியோ செய்பவர்களுக்கான ஐமூவி ’08 வந்தது. தங்கள் பொறியாளர் ஒருவர் விடுமுறைக்குப் போய், அங்கே எடுத்ததைச் சட்டென்று ஒரு படமாக்க நினைத்து, இருக்கும் மென்பொருளில் அது முடியாமல் புதிதாக ஒன்றை உருவாக்கினார் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் கதை சொன்னார். அந்தப் பொறியாளரும் உபில்லோஸ்தான். அதிலும் பழகிய டைம்லைனைக் காணோம், பழைய வசதிகள் பலவும் காணோம். நியூயார்க் டைம்ஸில் டேவிட் போக் கடுமையாக எழுதினார். ஆனால் அப்போது ஆப்பிள் ஒரு காரியம் செய்தது: புதியதை வாங்கியவர்கள் முந்தைய ஐமூவி எச்டியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. புதியது பிடிக்காதவர்கள் பழையதில் இருந்துகொண்டார்கள், அடுத்த பதிப்பு மேம்பட்டு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார்கள். சச்சரவு அடங்கிவிட்டது. குடும்ப வீடியோ செய்பவருக்குக் கொடுத்த சலுகையை அதை வைத்துப் பிழைப்பவருக்குக் கொடுக்காமல் விட்டதை எந்த வணிகக் கணக்கில் எழுதுவது?

பழையதில் தங்கினால் எவ்வளவு காலம் தங்கலாம் என்பதற்கு எல்லை காட்டிய படம் ‘பாரசைட்’. போங் ஜூன் ஹோவின் அந்த 2019ஆம் வருடப் படத்தை யாங் ஜின்-மோ வெட்டியது ஃபைனல் கட் புரோ 7இல். விற்பனையை நிறுத்தி எட்டு வருடமான மென்பொருள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, படத்தொகுப்புக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பழைய இயங்குதளத்தோடு ஒரு பழைய கணினியை அசைக்காமல் வைத்துக்கொண்டால் இப்படிச் செய்ய முடியும். ஆனால் வசதிகளின் பட்டியலை வைத்துத் திருப்தியை அளப்பவரின் படிவத்தில் யாங் ஜின்-மோவுக்கு எந்தக் கட்டமும் இல்லை. அவர் வாடிக்கையாளரா, முன்னாள் வாடிக்கையாளரா?

2011இல் கிளம்பியவர்களை அடோபி வரவேற்றது. ஃபைனல் கட் வைத்திருப்பவருக்குப் பாதி விலை என்று அறிவித்தது. டேவிட் ஃபிஞ்சரின் படத்தொகுப்புக் குழு ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தை ஃபைனல் கட்டில் வெட்டி, சூப்பர்மீட்டுக்கு ஒன்றரை மாதம் முன்புதான் ஆஸ்கர் வாங்கியிருந்தது. 2014இல் ‘கான் கேர்ள்’ படத்தை அவர்கள் பிரீமியரில் வெட்டினார்கள். அகதிகளாகப் போனவர்களுக்கு அங்கேயும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. 2013 மே மாதம், இனிமேல் புதுப் பதிப்புகள் விலைக்கு இல்லை, சந்தா மட்டும்தான் என்று அடோபி அறிவித்தது. எதிர்த்துக் கையெழுத்திட்டவர்கள் 30,000 பேருக்கு மேல். எண்ணிக்கையில் ஃபைனல் கட் கோபத்தைவிடப் பெரிய கோபம் இது.

ஆனால் நடந்தது என்ன? 2012இல் 440 கோடி டாலராக இருந்த அடோபியின் வருவாய் 2013இல் 406 கோடிக்கு இறங்கியது, பிறகு ஏறி 2016இல் 585 கோடியானது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய புத்தகம் இங்கேதான் உதவுகிறது. மனக்குறை உள்ளவருக்கு வெளியேறுவது ஒரு வழி, குரல் எழுப்புவது இன்னொரு வழி. எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவர் வைத்திருக்கும் விசுவாசத்தைப் பொறுத்தது என்றார் அவர். விசுவாசத்தோடு கட்டாயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். சந்தாவுக்கு முந்தைய, விலைக்கு விற்ற கடைசித் தொகுப்பான சிஎஸ்6ஐ அடோபி கடையிலிருந்து உடனே எடுக்கவில்லை. அதில் தங்க விரும்பியவர் தங்கினார். நாளாக ஆக, போட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்ட கோப்புகளை வைத்திருப்பவர் கிளம்ப முடியாதவரானார். அவர் மாதாமாதம் பணம் கட்டுவதைத் திருப்தி என்று வருவாய்க் கணக்கு எழுதிக்கொள்ளும். வருடச் சந்தாவை இடையில் நிறுத்துவோரிடம் வாங்கும் கட்டணத்தை அடோபி மறைத்தது, நிறுத்துவதையே கடினமாக்கியது என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தது. அடோபி குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கின் நியாயம் எப்படியிருந்தாலும், புதுப்பித்தல் விகிதத்தை வைத்து மகிழ்ச்சியை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

நட்சத்திர மதிப்பெண்ணையும் நம்ப முடியாது. ஃபைனல் கட் புரோ எக்ஸுக்கு முதல் வாரங்களில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களும் ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களும் இரண்டு முகாம்களாக இருந்தார்கள். சராசரி நடுவில் நின்றது. அந்த நடுவில் ஆளே இல்லை. ஒரு முகாம், ஒளிபரப்பும் சினிமாவும். மற்றது, தானே எடுத்துத் தானே வெட்டித் தானே யூடியூபில் ஏற்றுகிறவர்கள். இவர்களுக்கு ஒலிக்கலவைக்காரரும் இல்லை, ஓஎம்எஃபும் வேண்டாம். 2017 ஏப்ரலில் அந்த மென்பொருளின் பயனர் எண்ணிக்கை 20 லட்சம் என்று ஆப்பிள் அறிவித்ததே, அதில் பெரும்பங்கு இவர்களாகத்தான் இருக்க வேண்டும். மென்பொருள் தோற்கவில்லை, ஆட்களை மாற்றிக்கொண்டது.

பெரிய பதிப்புகளை விட்டுவிட்டுச் சில்லறைப் புதுப்பிப்புகளைப் பார்த்தாலும் இதே மனக்கணக்குதான். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனையில், வசதிகளை மொத்தமாகக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பயனர்கள் அதிகம் விரும்பினார்கள். பிழை திருத்தும் புதுப்பிப்புக்கு அப்படி எந்த நன்றியும் கிடைக்கவில்லை. எடிட்டர்களிடம் நிலைமை இன்னும் மோசம். பிரீமியரின் தற்காலிகக் கோப்புகளைச் சுத்தம் செய்யும் கட்டளை தன்னுடைய அசல் பதிவுகளையே அழித்துவிட்டது என்று 2018இல் ஒரு வீடியோ கலைஞர் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டவர் புதுப்பிப்பு அறிவிப்பைப் பார்த்தால் ‘பிறகு’ என்பதைத்தான் அழுத்துவார். வேலை நடுவில் பதிப்பு மாற்றாதே என்பது ஹாலிவுட்டிலும் இருக்கும் விதி, கோடம்பாக்கத்திலும் இருக்கும் விதி. நம் ஊர்க் கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களில் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளின் பழைய பதிப்பை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் எஃபெக்ட் தொகுப்புகள் அந்தப் பதிப்போடு கட்டுண்டவை. சோம்பல் என்று இதைச் சொல்பவர்கள், ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஒரு ஸ்டூடியோவில் போய் நின்று பார்க்கலாம்.

டாவின்சி ரிசால்வ் இதே சிக்கலை வேறு மாதிரி கையாண்டது. வண்ணம் சரிசெய்யும் கருவியாக இருந்து எடிட்டிங்குக்கு வந்த அந்த மென்பொருளில், பிளாக்மேஜிக் நிறுவனம் 2019இல் ‘கட்’ என்ற புதுப் பக்கத்தைச் சேர்த்தது. வேகமாக வெட்டுவதற்கான, பழக்கமில்லாத டைம்லைன். மேலே முழுப்படமும் கீழே பெரிதாக்கிய பகுதியும் ஒரே நேரத்தில் தெரியும். மேக்னடிக் டைம்லைன் அளவுக்கு இல்லாவிட்டாலும் துணிச்சலான மாற்றம்தான். கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பழைய ‘எடிட்’ பக்கம் பக்கத்திலேயே அப்படியே இருந்தது. ஒரே படத்தை இதிலும் வெட்டலாம், அதிலும் வெட்டலாம். பிடிக்காதவர் அந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்டுவிட்டார், கையெழுத்து இயக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பதிப்பு மாற்றத்தில் மட்டும் ரிசால்வும் கறார்: புதியதில் புராஜெக்ட் நூலகத்தை மேம்படுத்திவிட்டால் பழைய பதிப்பு அதைத் திறக்காது. அனுபவசாலிகள் முதலில் நகல் எடுத்து வைப்பார்கள்.

ஆப்பிள் பக்கம் திரும்பினால், 2011இல் 299 டாலர் கொடுத்தவருக்கு அதன்பின் ஒரு டாலர்கூடச் செலவில்லை. 2024 நவம்பரில் வந்த ஃபைனல் கட் புரோ 11 வரை எல்லாப் பதிப்பும் அவருக்கு இலவசம். இந்தத் தொழிலில் இவ்வளவு தாராளம் அரிது. அப்படியிருந்தும் 2022 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட சினிமா, தொலைக்காட்சிக் கலைஞர்கள், அப்போது ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக்குக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். இவர்கள் கிளம்பிப் போனவர்கள் அல்ல. தங்கியவர்கள், மேக்னடிக் டைம்லைனை நேசிப்பவர்கள். பலர் சேர்ந்து ஒரே படத்தில் வேலை செய்யும் வசதி போலச் சிலவற்றைக் கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இந்த மென்பொருள் ஏற்றது என்று ஆப்பிள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளரிடம் போய் ‘ஃபைனல் கட்டில் வெட்டுகிறேன்’ என்று சொன்னால், பதினொரு வருடம் கழித்தும், அவர் அதை ஏற்கத் தயங்கினார்.